பைபிளை யாரும் ஓட்டுப் போட்டு உண்டாக்கவில்லை



நம் குரூப்பில் இரண்டு ஃபார்வேர்டுகள் சுற்றுகின்றன. ஒன்று, 325இல் நைசியாவில் கான்ஸ்டன்டைன் மன்னர் ஓட்டெடுப்பு நடத்தி பைபிளை உண்டாக்கினார் என்கிறது. மற்றது, ஆர்.சி.காரர்கள் 1546இல் ஏழு புத்தகங்களைப் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள் என்கிறது. இரண்டும் தவறு. இதை வைத்து நம் சொந்தத்திலேயே இரண்டு வீடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நைசியாவில் பேசியது ஆரியுஸ் கிளப்பிய சர்ச்சையும் ஈஸ்டர் தேதியும். அங்கே போட்ட 20 விதிகளில் நூல் பட்டியலே கிடையாது. மன்னர் பிறகு 50 பிரதிகள் எழுதச் சொன்னார், உண்மை. பிரதி எடுக்கச் சொன்னவர் நூலைத் தேர்ந்தவர் ஆகிவிடுவாரா?

நான்கு சுவிசேஷங்கள்தான் என்று 180 வாக்கிலேயே இரேனியுஸ் வாதாடினார். யாக்கோபு, யூதா, இரண்டாம் பேதுரு நிருபங்கள் மீது நாலாம் நூற்றாண்டிலும் சிலருக்குச் சந்தேகம் இருந்தது. அப்போஸ்தலர் வழி வந்ததா, சபைகள் பரவலாக வாசிக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றார்கள். இன்றுள்ள 27 நூல்களையும் அத்தனாசியுஸ் பட்டியலிட்டது 367இல்.

அந்த ஏழு நூல்கள்? தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவை 397 கார்த்தேஜ் சங்கப் பட்டியலிலேயே உண்டு. 1546இல் திரெந்து சங்கம் அதை உறுதிசெய்தது, அவ்வளவே. அதே சமயம், எபிரேய பைபிளில் இல்லையே என்று ஜெரோமே தயங்கினார். லூத்தர் 1534இல் அவற்றைத் தனியே பிரித்து வைத்தார், ஆனாலும் அச்சிட்டார். ஆகவே ஒருவர் கூட்டினார், மற்றவர் கிழித்தார் என்பது இரண்டு பக்கமும் அநியாயம்.

நம் கடற்கரையையே பாருங்கள். 1530களில் பரதவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715இல். இடையில் புன்னைக்காயலும் மணப்பாடும் செபங்களையும், 1586இல் ஹென்றிக்கஸ் அடிகளார் அச்சேற்றிய அடியார் வரலாற்றையும் கொண்டே விசுவாசத்தைக் காத்தன. ஆதிச் சபையும் அப்படித்தான்: கூடி வாழ்ந்த சனம் முதலில், பட்டியல் பிறகு.

சைவ அன்பர்களுக்கும் இது புதிதல்ல. தேவாரம் பாடிய காலம் வேறு, திருமுறையாகத் தொகுத்த காலம் வேறு. பெரியபுராணம் பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது அதற்கும் பிறகு. அதனால் அதன் பெருமை குறைந்ததா?

1995இல் வந்த திருவிவிலியத்தை இரு சபையாரும் சேர்ந்தே மொழிபெயர்த்தார்கள். அந்த ஏழும் அதில் இணைத்திருமுறை என்ற பகுதியில் இருக்கின்றன. அறிஞர்கள் ஒரே மேசையில் உட்கார முடிந்தபோது, நமக்கு ஒரே பந்தியில் உட்கார என்ன தடை?

அடுத்த ஃபார்வேர்டை அனுப்புமுன் ஆண்டைச் சரிபாருங்கள். வகுப்பில் சொன்னதையே சொல்கிறேன்: ஆதாரம் இல்லாத பதிலுக்கு மார்க் கிடையாது.