தாத்தா எஞ்சினுக்குத் தகுந்த உறுப்பு

வீட்டில் தாத்தா காலத்துச் சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்து, அதன் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்துபோனால் என்ன பாடு என்பதை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். கடைத்தெரு முழுவதும் அலைந்தாலும் அந்தச் சக்கரம் கிடைப்பதில்லை. கடைக்காரர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதிதாக ஒன்று வாங்கிவிடுங்களேன், ஸார்!" என்று யோசனை சொல்லி அனுப்பிவிடுவார். கடிகாரத்துக்கே இந்தக் கதி. 1855-ஆம் வருஷத்தில் செய்த ரயில் எஞ்சினுக்கு ஓர் உறுப்பு வேண்டுமென்றால் எந்தக் கடைக்குப் போவது?

வேடிக்கைக்காக நாம் இதைக் கேட்கவில்லை. சென்னைப் பட்டணத்தின் வடபகுதியில், புளியந்தோப்புக்கு அடுத்தாற்போல் உள்ள பெரம்பூரில், இந்தக் கேள்விக்கு மெய்யாகவே விடை கண்டிருக்கிறார்கள்.

புளியந்தோப்பில் இன்று தோப்பு என்பது பெயரில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் பேசின் பிரிட்ஜ் தண்டவாளங்கள். இன்னொரு பக்கம், 1996-ல் மூடப்பட்ட பி. அண்டு ஸி. மில் இருந்த இடம். மில்லின் சங்கும் எஞ்சினின் ஊதலும் இந்தப் பேட்டைவாசிகளுக்கு வெகு காலம் கடிகாரமாக இருந்தன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அதே வருஷத்தில் பெரம்பூரில் எஞ்சின் பழுது பார்க்கும் தொழிற்சாலையும் தோன்றிற்று. 'லோகோ' என்ற ஒரே சொல்லால் வடசென்னை மக்கள் அதைக் குறிப்பிடுவார்கள். தகப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் உண்டு.

இந்த லோகோவுக்குத்தான் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் கொண்ட பழைய எஞ்சின் வந்து சேர்ந்தது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் 21-ஆம் நம்பர் எஞ்சின் அது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து கிட்ஸன் கம்பெனியார் 1855-ல் செய்தது. அதாவது, தென்னாட்டு ரயிலைவிட ஒரு வயது மூத்தது! 1909-ல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். பிறகு ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2010-ல், பெரம்பூர்த் தொழிலாளிகள் அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். அதனுடைய இரட்டைப் பிறவியான 22-ஆம் நம்பர் எஞ்சின்தான் உலகப் புகழ் பெற்ற 'பெய்ரி க்வீன்'. 1997-ல் அது மீண்டும் பிரயாணிகளை இழுக்கத் தொடங்கியதற்கும் பெரம்பூரில் நடந்த வைத்தியமே காரணம்.

செய்த கம்பெனிக்கு எழுதிப் போட்டு உறுப்பு வரவழைக்கலாம் என்றால், கிட்ஸன் கம்பெனி 1938-லேயே எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே, வேண்டிய உறுப்பை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த உறுப்பு இன்னதென்று அடையாளம் காண வேண்டும். பாதி சாமர்த்தியம் இதிலேதான் இருக்கிறது.

எஞ்சினின் பக்கத்தில் பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். செய்தவர் பெயர், தொழிற்சாலை நம்பர், வருஷம் ஆகிய மூன்றும் அதில் காணும். அதை எஞ்சினின் ஜாதகம் என்று சொல்லலாம். ஆனால் ஜாதகத்தை மட்டும் நம்பிப் பெண் கொடுக்கலாகாது அல்லவா? நன்றாக உழைத்த எஞ்சினில் பல உறுப்புகள் அதனுடையவையாக இரா. ஓர் எஞ்சின் ஷெட்டில் படுத்துவிட்டால், அதன் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, அன்றைய வண்டியை அனுப்புவது எங்கும் வழக்கம். ஆதலால் அநுபவசாலியான பிட்டர் தகட்டைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒவ்வொரு தண்டிலும் உளியால் பொறித்த எண் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறான். பிஸ்டனையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டில் பொறித்த எண்ணும் எஞ்சினின் எண்ணும் வேறாக இருந்தால், அந்தத் தண்டு இரவல் வாங்கியது என்று அர்த்தம்.

சரித்திரமும் இதில் துணைக்கு வரும். கொதிகலனுக்குள் தண்ணீரை நீராவியின் வேகத்தாலேயே செலுத்தும் 'இன்ஜெக்டர்' என்னும் கருவியை பிரெஞ்சுக்காரரான ழிபார் கண்டுபிடித்தது 1858-ல். ஆகவே 1855-ல் பிறந்த எஞ்சினில் இன்ஜெக்டர் இருந்தால், அது பிறவி உறுப்பல்ல. பின்னால் வந்து சேர்ந்தது. எஃகை மலிவாகத் தயாரிக்கும் பெஸ்ஸிமர் முறை 1856-ல்தான் பதிவாயிற்று. எனவே அந்தக் காலத்து எஞ்சினில் எஃகுத் தகட்டாலான கொதிகலனைக் கண்டால், அதுவும் பிற்காலத்ததே.

அடையாளம் தெரிந்துவிட்டது; பழைய உறுப்பை அளந்து அப்படியே புதிது செய்துவிடலாமே என்று நேயர்கள் நினைக்கலாம். இங்கேதான் மூன்று பொறிகள் காத்திருக்கின்றன.

முதலாவது, தேய்மானம். நாம் அளப்பது அது பிறந்த போதிருந்த அளவை அல்ல. ஐம்பது வருஷம் தேய்ந்த பிறகு மிஞ்சிய அளவை. அதை நகல் எடுத்தால் புதிய உறுப்பு பிறக்கும்போதே கிழமாகப் பிறக்கும்! கெட்டிக்காரத் தொழிலாளி உராயாத மூலையைத் தேடி அங்கே அளக்கிறான். அந்தக் காலத்து இங்கிலீஷ் எஞ்சினில் அளவுகளெல்லாம் அங்குலத்திலும் அங்குலப் பின்னத்திலும் இருக்கும். ஆகவே காலிப்பரில் ஏதோ கோணல் கணக்கு வந்தால், அதற்கு மேலே உள்ள முழுப் பின்னம் எது என்று யோசித்து, மூல அளவை ஊகிக்கிறான்.

இரண்டாவது, வார்ப்பு. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு அடிக்கு ஏறக்குறைய அரைக்கால் அங்குலமும், எஃகு ஏறக்குறையக் கால் அங்குலமும் சுருங்கும். பழைய உறுப்பையே மணலில் பதித்து வார்த்தால், ஆறடி நீளமுள்ள இரும்புச் சாமான் முக்கால் அங்குலம் குறைந்து வந்து நிற்கும். ஆதலால், சுருக்கத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் பெரிதாக மர அச்சுச் செய்ய வேண்டும். இதற்கென்றே அந்தத் தச்சர்கள் அடையாளம் சற்று நீண்ட அளவுகோல் வைத்திருப்பார்கள். அடிக்கோல் அடிக்கு அதிகமாக இருந்தும் பொய் சொல்லாத இடம் உலகத்தில் இது ஒன்றுதான்!

மூன்றாவது, மரை. 1841-ல் வைட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் ஏற்படுத்திய முறையில், அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு மரை. அமெரிக்க முறையில் பதின்மூன்று. மரையின் கோணமும் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நட்டு ஒன்றிரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகிக்கொள்ளும். பலவந்தம் செய்தால் இரண்டும் பாழ். பொருந்தாத சம்பந்தத்தில் முதல் சில நாள் சிரிப்பும் களிப்புமாக இருப்பதில்லையா, அதுபோலத்தான்.

இத்தனைக்கும் நடுவில், நம் கிராமத்துக் கொல்லன் அறிந்த வித்தை ஒன்றும் ரயில் தொழிற்சாலையில் இருக்கிறது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவதைக் குழந்தைகள் வேடிக்கை பார்ப்பதுண்டு. பட்டை சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் சக்கரத்தின் மேல் வளையத்தையும் காய்ச்சி விரியவைத்துத்தான் மாட்டுகிறார்கள். யந்திரம் பெரிது, உபாயம் பழையது.

பெரம்பூரை மட்டும் புகழ்ந்துவிட்டுப் பொன்மலையை மறந்தால் தோஷம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலுக்கு, ஸ்விட்ஜர்லாந்தில் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலிருந்து 1914 முதல் எஞ்சின்கள் வந்தன. கடைசி ஐந்தும் 1952-ல் வந்து சேர்ந்தன. சாதாரணச் சக்கரங்களோடு, தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்வரிசையைப் பற்றி ஏறும் பல்சக்கரங்களும் இவற்றுக்கு உண்டு. ஒரு ஜோடி ஸிலிண்டரில் வேலை செய்துவிட்டு வரும் நீராவியே இன்னொரு ஜோடிக்குள் புகுந்து பல்சக்கரங்களைச் சுழற்றும். அப்படிப்பட்ட நுட்பமான யந்திரத்துக்கு உறுப்பு கேட்டு எழுத, அந்தப் பழைய கம்பெனி இன்று அந்தப் பெயரில் இல்லை. பொன்மலைத் தொழிலாளிகள் என்ன செய்தார்கள்? 2011-லிருந்து 2014-க்குள், எண்ணெயில் ஓடும் நான்கு புதிய எஞ்சின்களையே செய்து முடித்தார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றும் செய்தார்கள். உறுப்பு தேடப் போனவர்கள் முழு எஞ்சினோடு திரும்பி வந்த கதை இது.

இந்தச் செய்தியில் நம் தேசத்தவர் பெருமைப்பட இடமிருக்கிறது. அந்நிய ஆட்சியில் எஞ்சின்கள் பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கின. 1895-ல் அஜ்மீரில் நம் கைகளாலேயே எஞ்சின் செய்ய முடியும் என்று காட்டிய பிறகும், சித்தரஞ்சனில் சுதந்திர தேசத்தின் தொழிற்சாலை எஞ்சின் செய்ய 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கப்பலில் வந்த எஞ்சினைக் கழற்றி, அளந்து, தேய்ந்ததற்குப் பதில் செய்து, மீண்டும் ஓடவைத்த கைகள் அத்தனை வருஷமும் நம்மவர் கைகளே. பழுது பார்க்கும் சாலைதான் நமக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

எல்லா உறுப்பையும் மாற்றிவிட்டால் அது பழைய எஞ்சின்தானா என்று சிலர் கேட்கிறார்கள். திருவாரூர்த் தேரைக் கேட்கட்டும்! ஆழித்தேருக்குத் திருச்சி 'பெல்' தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதனால் அது வேறு தேராகிவிடவில்லை. எங்கே எதை மாற்றினோம் என்று எழுதி வைத்து, கழற்றிய பழைய உறுப்பையும் பத்திரப்படுத்தினால், பழமைக்கு யாதொரு பங்கமும் இல்லை.

எழுதி வைப்பதுதான் இப்போது முக்கியம். பிரிட்டனில் ஒரு ரக எஞ்சின்கள் முழுவதும் பழைய இரும்புக்குப் போன பிறகு, யார்க் நகரக் காட்சிச்சாலையில் தப்பிய வரைபடங்களைக் கொண்டு அன்பர்கள் சந்தா வசூலித்து, 2008-ல் 'டார்னேடோ' என்னும் எஞ்சினைப் புதிதாகவே ஓடவிட்டார்கள். இரும்பு போனாலும் காகிதம் இருந்தது, அதனால் பிழைத்தது. நம்மிடமோ அகல ரயில்பாதையில் நீராவி வண்டிகள் 1995-ல் நின்றன. அன்று இளைஞராக வேலை பார்த்தவர்கள்கூட இன்று ஓய்வு பெறும் வயதை அடைந்துவிட்டார்கள். பிட்டர்களும் மோல்டர்களும் விரல் நுனியில் வைத்திருந்த கணக்குகள் பெரும்பாலும் புத்தகத்தில் ஏறவில்லை. லோகோவில் இன்று மின்சார எஞ்சின்களுக்கே வைத்தியம்.

புளியந்தோப்பு, வியாசர்பாடி, அயனாவரம், பெரம்பூர் பக்கத்து வீடுகளில் பரண் மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கக்கூடும். தாத்தாவின் காலிப்பரும், மரை அளக்கும் தகடும், எண்ணெய் படிந்த நோட்டுப் புத்தகமும் அதில் இருக்கலாம். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது காயலான் கடைக்காரரிடம் அதை எடை போட்டுக் கொடுத்தால் சொற்பப் பணம் கிடைக்கும். அதற்கு முன்னால் நேயர்கள் அந்த நோட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றும், தாத்தா இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இது எந்த எஞ்சினுடைய அளவு?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறோம். ஐ.ஸி.எப். பக்கத்தில் ரயில் காட்சிச்சாலை ஒன்று இருக்கிறது. குழந்தைகளை அங்கே அழைத்துப் போகும்போது தாத்தாவையும் உடன் அழைத்துச் செல்லலாம். எஞ்சினின் எந்தத் தண்டில் எண் பொறித்திருக்கும் என்று பேரனுக்கு அவர் காட்டிக் கொடுப்பார்.