‘நிஃபாஸ்தானே’ என்று சொல்லித் தாமதிக்கலாமா?



தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்த பெண், மருத்துவமனையிலிருந்து குழந்தையுடன் வீடு திரும்புகிறாள். பத்தாம் நாள் இரவு உதிரப்போக்கு திடீரெனப் பெருகுகிறது. “நிஃபாஸ்தானே, நாற்பது நாளும் அப்படித்தான் இருக்கும்” என்கிறார் வீட்டின் மூத்த பெண்மணி. “கெட்ட இரத்தம், போகட்டும்” என்கிறார் இன்னொருவர். வளைகுடாவில் இருக்கும் மருமகனுக்கு அழைப்பு போகிறது. அவர் எடுக்கும்வரை எல்லாரும் காத்திருக்கிறார்கள். இந்நேரத்தில் பெண் மருத்துவர் இருப்பாரா என்ற விசாரிப்பு வேறு.

தென்காசியிலும் கடையநல்லூரிலும் செங்கோட்டையிலும் நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பேச்சுகள்தாம் இவை. சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர், அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆயினும் இவற்றுள் ஒன்றுகூட மார்க்கத்தின் பேச்சு அன்று என்பதை நாம் உரக்கச் சொல்லியாக வேண்டும்.

ஃபிக்ஹு சொன்னது எதை?

நிஃபாஸின் அதிகபட்சக் காலம் ஹனஃபி மத்ஹபில் 40 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். தொழுகை, நோன்பு, குளிப்பு ஆகியவற்றை வரையறுக்க எழுந்த சட்டம் இது. அந்நாள்களில் எவ்வளவு இரத்தம் போனாலும் ஆபத்தில்லை என்று எந்த இமாமும் தீர்ப்பளிக்கவில்லை. நாம்தான் நாள்கணக்கைப் படித்துவிட்டு அளவுக்கணக்கை மறந்தோம். வணக்கத்திற்கான சட்டத்தை மருத்துவச் சான்றிதழாக மாற்றியது நம் அறியாமையே.

அளவுக்கணக்கு இதுதான்: பிரசவத்தை அடுத்து அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அது அபாயம். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திற்குள் நிகழும். கருப்பை இறுகிச் சுருங்காமையே முதன்மைக் காரணம். நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்குதல், பிறப்புப் பாதையில் கிழிசல், இரத்தம் உறையாமை ஆகியவை பிற காரணங்கள். ஒரு நாள் கடந்த பின்னரும் பல வாரங்கள்வரை, தங்கிய துண்டாலோ கிருமித்தொற்றாலோ பெரும்போக்கு ஏற்படலாம். நாம் ‘நிஃபாஸ்’ என்று ஆறுதல் கொள்ளும் அதே நாள்களில்தான் இது நேர்கிறது.

ஒரு மணி நேரத்திற்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தால், பெரிய கட்டிகள் வெளியேறினால், துர்நாற்றமோ காய்ச்சலோ மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால், அது காத்திருக்கும் நேரம் அன்று. உடனே 108ஐ அழைக்கவேண்டும். குற்றாலச் சீசனில் நம் சாலைகள் எப்படித் திணறும் என்பதை அறிவோம். மேல்சிகிச்சைக்குத் திருநெல்வேலி செல்வதென்றால் 50 கிலோமீட்டருக்கு மேல். வீட்டுக் கூடத்தில் விவாதித்துக் கழித்த அரை மணி நேரத்தைச் சாலையில் ஈடுகட்ட இயலாது.

மருந்து உண்டு, நேரம்தான் இல்லை

கருப்பையை இறுகச் செய்யும் ஆக்ஸிடாசின் ஊசி விலை மலிவானது. தங்கிய துண்டை அகற்றலாம், கிழிசலைத் தைக்கலாம், இரத்தம் ஏற்றலாம், பலூன் வைத்து அழுத்தலாம், இறுதியில் அறுவை செய்யலாம். இரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை 21 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டனர். பிரசவமான 3 மணி நேரத்திற்குள் கொடுத்தால் உயிர் காக்கும். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்திற்கும் பலன் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். நம் தயக்கத்தின் விலை இதுதான்.

‘கத்ர்’ என்ற சொல்

பிரசவத்தில் உயிர்நீத்த பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அது அவளுக்குக் கிடைத்த சிறப்பு. நம் அலட்சியத்திற்குக் கிடைத்த மன்னிப்பு அன்று. கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டிற்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்பதே உமரின் விடையாக இருந்தது. ஆம்புலன்ஸில் ஏறுவதும் கத்ர்தான்.

குற்றாலத்து மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு இந்தியாவில் 97, தமிழகத்தில் 54, கேரளத்தில் 19. அங்குள்ள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மார் மரணங்களைப் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து வருகிறது. பெரும் காரணம் இரத்தப்போக்கே என்று கண்டு சிகிச்சை முறைகளைத் திருத்தினார்கள். ‘ஏன்’ என்று கேட்டது ஈமானுக்கு முரணாகிவிடவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

பெண் மருத்துவரை நாடுவது சரியே. கிடைக்காதபோது நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. வயது வந்த பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய ஒப்புதலே போதுமானது. கணவரின் கையொப்பத்திற்காக உயிர் காத்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருக்கும் கணவர், “தேவைப்பட்டதைச் செய்யுங்கள், என் அழைப்புக்குக் காத்திருக்காதீர்கள்” என்று முன்கூட்டியே குடும்பத்தாரிடம் சொல்லிவிடட்டும்.

நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். அவர்களால் சிறு இழப்பைக்கூடத் தாங்க இயலாது. ஆகவே இரும்புச்சத்து மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்காமல் விழுங்கச் செய்வது வீட்டாரின் கடமை. இரத்ததானத்தில் நற்பெயர் பெற்ற நம் இளைஞர்கள், மஹல்லாவின் கர்ப்பிணிகளுக்கெனக் கொடையாளர் பட்டியலைத் தயாராக வைக்கட்டும். பெண்கள் மதரஸாவில் நிஃபாஸ் பாடம் நடத்தும் ஆலிமாக்கள் நாள்கணக்கோடு அபாய அறிகுறிகளையும் சேர்த்தே கற்பிக்கட்டும்.

ஓர் உயிரைக் காப்பதைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் 32ஆம் வசனம் எவ்வளவு உயர்த்தி வைத்துள்ளது என்பதை ஜும்ஆ மேடைகளில் கேட்காதவர் நம்மில் இல்லை. அந்த உயிர் நம் வீட்டின் உள்ளறையிலேயே படுத்திருக்கும்போது ‘நிஃபாஸ்தானே’ என்று கதவைச் சாத்தாதிருப்போம். அல்லாஹ் நம் தாய்மாரைக் காப்பானாக; நமக்கு விரைந்து செயல்படும் அறிவைத் தருவானாக.

வஸ்ஸலாம்.