சராசரிக்குள் ஒளியும் தாமதம்

இணையவழி அழைப்புகளின் தரம் பற்றி நமக்கு வரும் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: சராசரித் தாமதம் இத்தனை மில்லி நொடி. இந்த ஓர் எண்ணை மட்டும் தரும் கட்டுரைகளை இனி ஏற்பதில்லை என்று ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது. ஏன் என்று விளக்க வேண்டியது எங்கள் கடமை.

இருவர் நேரில் பேசும்போது, ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவே சுமார் 200 மில்லி நொடிதான் இடைவெளி விழுகிறது. பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது; மொழிக்கு மொழி வேறுபாடு இருந்தாலும் அது சிறியதே. இப்போது ஒருவழித் தாமதம் 300 மில்லி நொடி என்று வையுங்கள். கேள்வி போய்ச் சேர 300, பதில் திரும்பி வர 300, இயல்பான இடைவெளி 200. கேட்டவர் 800 மில்லி நொடி காத்திருக்கிறார். அந்த மௌனம் நெட்வொர்க்கினுடையது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எதிரில் இருப்பவர் தயங்குகிறார், கவனிக்கவில்லை என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. தாமதத்தின் பழியைப் பயனர்கள் பேசும் ஆள்மேல் போடுகிறார்கள் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வும் சொல்கிறது. தொலைமருத்துவத்தில் நோயாளி, காணொலி விசாரணையில் சாட்சி, வேலைக்கான நேர்காணலில் ஓர் இளைஞர்: நாம் கட்டிய அமைப்பின் குறை இவர்களுடைய குணக்குறையாகப் பதிவாகிவிடுகிறது. படம் மங்கினால் நெட் சரியில்லை என்று யாரும் சொல்வார்கள். தாமதத்துக்கு அப்படி ஓர் அடையாளம் கிடையாது.

ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலான பயன்பாடுகளுக்குச் சிக்கல் இராது என்பது ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. இந்த 150 எவ்வளவு சிறிய தொகை என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேர்தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். ஆக, கேபிள் வளையாமல் நெளியாமல் போனாலும் 67 மில்லி நொடி செலவு. ஓப்பஸ் கோடெக் வழக்கமான 20 மில்லி நொடிச் சட்டகத்தில் 26.5 எடுத்துக்கொள்ளும். ஜிட்டர் பஃபருக்கு 50 ஒதுக்கினால் கணக்கு 143ஐத் தாண்டிவிடுகிறது. இன்னும் ஒரு ரவுட்டரின் வரிசையில்கூட பாக்கெட் நிற்கவில்லை.

தூரம் நம் கையில் இல்லை. ரிலே நம் கையில் இருக்கிறது. மதுரையில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் இருவரின் அழைப்பு, இருவரும் கேரியர் நேட்டுக்குப் பின்னால் இருப்பதால், டர்ன் சர்வர் வழியாகப் போக நேரலாம். அந்த சர்வர் பிராங்க்ஃபர்ட்டில் இருந்தால் போக வர 15,400 கிலோமீட்டர், 77 மில்லி நொடி. டொராண்டோவில் உள்ள உறவினரோடு பேசுவதைவிட அடுத்த தெருக்காரரோடு பேசுவது மெதுவாகிவிடும். போதாததற்கு, யுடிபி அடைபட்டிருந்தால் அந்த ரிலே டிசிபியில் ஓடும். அங்கே ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்து நிற்கும். பேச்சில் நேரம் தவறி வரும் பாக்கெட்டும் தொலைந்த பாக்கெட்டும் ஒன்றே. டிசிபி ரிலேயைக் கடைசி வழியாக வைத்திருப்பது சரி. எத்தனை அழைப்புகள் அந்தக் கடைசி வழியில் போகின்றன என்பதை எண்ணாமல் இருப்பது சரியல்ல.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய திருடன் வீட்டு ரவுட்டரின் வரிசை. நினைவகம் மலிந்ததும் கருவிகளில் பஃபரைத் தாராளமாக வைத்தார்கள். இழப்பைக் கண்டால் மட்டுமே வேகத்தைக் குறைக்கும் டிசிபியோ அந்த பஃபர் நிரம்பி வழியும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். மேலேற்ற வேகம் 2 மெகாபிட், பஃபர் 256 கிலோபைட் என்றால், யாரோ ஒருவர் புகைப்படங்களை மேகத்துக்கு ஏற்றத் தொடங்கியதும் அந்த வீட்டுக் குரலுக்கு ஒரு நொடித் தாமதம் கூடுகிறது. ஜிம் கெட்டிஸ் இதைப் பஃபர்ப்லோட் என்று உலகறியச் செய்து பல ஆண்டுகள் ஆகின்றன. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் முறையை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, ஒரு பாக்கெட் அதில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது அதன் அழகு. இலக்கு 5 மில்லி நொடி. அதே ஆண்டு லினக்ஸ் கர்னலுக்குள் எஃப்க்யூ-கோடெல் வந்துவிட்டது, ஆர்எஃப்சி 8290 ஆக 2018இல் பதிவும் ஆனது. மருந்து இத்தனை நாளாகக் கையில் இருந்தும், வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பும் ரவுட்டரில் அதை இயக்கிவைக்காமல் விடுவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெப்ஆர்டிசி தாமதம் ஏறுவதைக் கண்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அது விட்டுக்கொடுத்த இடத்தையும் அந்த டிசிபி ஓட்டமே நிரப்பிவிடும்.

சராசரி இதையெல்லாம் எப்படி மறைக்கிறது? பத்து நிமிட அழைப்பில் நூற்றுக்கு 94 பங்கு நேரம் தாமதம் 80 மில்லி நொடி, மீதி ஆறு பங்கு நேரம் 1,000 என்று கொள்வோம். சராசரி 135. அறிக்கையில் பச்சைக் குறி விழும். ஆனால் 36 நொடிகளுக்கு இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசி, நிறுத்தி, மறுபடி தொடங்கித் தடுமாறியிருக்கிறார்கள். மருத்துவர் மருந்தின் அளவைச் சொன்னது அந்த 36 நொடிக்குள்ளாகக்கூட இருக்கலாம். 95ஆம் சதமானத்தைக் கேட்டிருந்தால் 1,000 என்ற எண் நேராக முகத்தில் அறைந்திருக்கும்.

ஆகவே அடுத்த இதழிலிருந்து, வாயிலிருந்து காதுவரையிலான தாமதத்தின் 50, 95, 99ஆம் சதமானங்களைக் கட்டுரையாளர்கள் தர வேண்டும். ரிலே வழியே போன அழைப்புகளையும், அவற்றில் டிசிபியில் ஓடியவற்றையும் தனித்தனியே காட்ட வேண்டும். கெட்ஸ்டாட்ஸ் தரும் சுற்றுப்பயண நேரத்தில் பாதியையும் ஜிட்டர் பஃபர் தாமதத்தையும் கூட்டினால் கிடைப்பது மதிப்பீடுதான். பஃபர் எண்கள் தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டே போகும் கூட்டுத்தொகைகள் என்பதால், இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை எடுத்தே வகுக்க வேண்டும். மதிப்பீட்டைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். வெவ்வேறு நெட்வொர்க்கில் உள்ள இரண்டு கைபேசிகளை ஒரே மேசையில் வைத்து, ஒன்றின் மைக்கை அணைத்துவிட்டு, மற்றதன் அருகே ஒரு தட்டு தட்டுங்கள். தட்டிய ஒலியையும், மைக் அணைத்த கைபேசியின் ஸ்பீக்கரில் அது வெளிவரும் ஒலியையும் மூன்றாவது கருவியில் பதிவுசெய்து இடைவெளியை அளந்தால் போதும். பக்கத்திலேயே ஒரு பெரிய கோப்பை மேலேற்றியபடி அதே சோதனையை மீண்டும் செய்து, இரண்டு எண்களையும் அனுப்புங்கள்.