ஓடும் வரை ஓடட்டுமா?

பாசிக்குடாவில் விடுதியொன்றின் தொழில்நுட்பவியலாளரிடம், வலையமைப்பு சுவிட்சின் மென்பொருளைக் கடைசியாக எப்போது இற்றைப்படுத்தினீர்கள் என்று கேட்டேன். "ஓடுறதை ஏன் சேர் தொடுவான்?" என்றார். சோம்பலுக்கு அனுபவம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

2018 ஏப்ரல் 6 அன்று ஈரானிலும் ரஷ்யாவிலும் சிஸ்கோ சுவிட்சுகள் முடங்கின. உலகெங்கும் ஏறத்தாழ 2 இலட்சம், தன் நாட்டில் 3,500 என்றது ஈரானிய அமைச்சு. 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்ற வசதி வழியே புகுந்தவர்கள் அமைப்புக் கோப்புகளை அழித்து, அமெரிக்கக் கொடியை விட்டுச் சென்றார்கள். அவையும் முதல்நாள் வரை நன்றாக ஓடியவைதாம்! அவ்வசதி குறித்து சிஸ்கோ 2017 பெப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. அதிலிருந்த ஓட்டையொன்றை அடைக்கும் மென்பொருளையும் 2018 மார்ச் 28 அன்று வெளியிட்டது. தேவையற்றோர் பலர் அதனை ஒரே கட்டளையால் அணைத்திருக்கலாம். பழைய பதிப்புகள் சிலவற்றில் அந்தக் கட்டளையே இல்லை. தொடாமல் விட்டதன் பலன் அது.

விருந்தினர் இருக்கையில் இணைப்பைத் துண்டிக்க முடியாதாம். வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் பாசிக்குடாவின் எத்தனை அறைகளில் ஆளிருக்கிறது, சொல்லுங்கள்? அமைப்புக் கோப்பைப் பிரதியெடுத்து, புதிய பதிப்பை ஏற்றி, மீள இயக்க ஓரிரவு தாராளம். நீச்சற்குளம் கழுவ நாள் குறிக்கும் முதலாளி, விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதிகள் கடந்துபோகும் பெட்டிக்கும் அந்த ஓரிரவைக் குறிக்கட்டும்.