பாம்பின் வீடு

மனிதனோடு நெடுங்காலமாக அண்டையில் வாழ்ந்தும் அவனால் நன்கு அறியப்படாத உயிர் ஒன்று உண்டு. அதுவே பாம்பு. ஆடும் மாடும் நம் தொழுவத்தில் வளர்கின்றன. நாய் நம் வாயிலைக் காக்கின்றது. பூனை அடுப்படியில் உறங்குகின்றது. இவற்றின் பசியும் நோயும் நமக்குத் தெரியும். பாம்போ நம் வரப்பிலும் வேலியிலும் வைக்கோற்போரிலும் வாழ்ந்தும் நமக்கு அயலாகவே இருக்கின்றது. அதனைக் கண்டவுடன் கம்பெடுப்போர் ஒரு சாரார். கற்பூரம் ஏற்றி வணங்குவோர் மற்றொரு சாரார். அண்மைக் காலத்தில் மூன்றாம் சாராரும் தோன்றியுள்ளனர். அவர்கள் பாம்பை வீட்டிலே செல்லமாக வளர்க்க விரும்புகின்றனர். அடிப்பது, வணங்குவது, வளர்ப்பது ஆகிய இவற்றுள் எது தக்கது? இவற்றினும் சிறந்த வழி வேறு உண்டா? இதனை ஆராய்வோம்.

மேலைநாடுகளில் பலர் விரும்பி வளர்க்கும் பாம்புகளுள் ஒன்று, ஆங்கிலத்தில் 'கிங்ஸ்நேக்' எனப்படும் அரசப்பாம்பு. இதனை நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ராஜநாகத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. ராஜநாகம் கொடிய நஞ்சுடையது; அரசப்பாம்போ நஞ்சற்றது. அமெரிக்கக் கண்டத்தில் வாழும் இது இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். எலி, பல்லி, பறவை முட்டை ஆகியவற்றோடு பிற பாம்புகளையும் தின்னும். வாலை ஆட்டி ஒலி எழுப்பும் அந்நாட்டுக் கிலுகிலுப்பை விரியனின் நஞ்சும் இதனை எளிதில் வீழ்த்துவதில்லை. பாம்புகளையே உண்ணும் பாம்பு ஆதலின் இதற்கு 'அரசன்' என்னும் பெயர் அமைந்தது.

இதனை முறையாக வளர்ப்போர் மேற்கொள்ளும் கடமைகள் சிலவல்ல. பாம்பின் உடல் தானே வெப்பத்தை உண்டாக்கிக் காக்க வல்லதன்று. ஆதலால் அதன் பெட்டியில் ஒரு புறம் வெதுவெதுப்பாகவும் மறுபுறம் குளிர்ச்சியாகவும் இருத்தல் வேண்டும். வேண்டும்போது வெப்பத்தையும் வேண்டும்போது குளிர்ச்சியையும் அது நாடிச் செல்லும். ஒளிந்துகொள்ள இருண்ட மறைவிடமும் தூய நீரும் தேவை. சிறு இடுக்கு இருப்பினும் நழுவிச் சென்றுவிடும். ஆகவே மூடி இறுக்கமாக அமைய வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு பாம்புகளை வைத்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடக்கூடும். வளர்ந்த பாம்புக்கு ஏறத்தாழ வாரத்திற்கு ஒருமுறை எலியை இரையாக அளித்தால் போதும். இரை உண்டபின் ஓரிரு நாளேனும் அதனைக் கையால் எடுத்தலாகாது. சட்டை உரிக்கும் காலத்தில் அதன் கண்கள் மங்கலாகிவிடும். அப்போதும் அதனைத் தொந்தரவு செய்யலாகாது. இவ்வாறு பேணினால் இருபது ஆண்டுகள் வரையிலும் அது உயிர்வாழக்கூடும். பள்ளிப் பருவத்தில் ஒருவன் வாங்கும் பாம்பு, அவன் படித்து, பணியேற்று, இல்லறம் நடத்தும் காலத்திலும் அவனுடைய பொறுப்பாகவே இருக்கும்.

இத்தகைய வளர்ப்பில் நன்மையே இல்லை என்று கூற இயலாது. பாம்பு வழுவழுப்பான ஈரவுடல் உடையது என்று எண்ணியவர்கள், தொட்டபின் அது உலர்ந்த உடலுடையது என அறிகின்றனர். அது பழிவாங்கும் என்று நம்பியவர்கள், அதற்கு அத்தகைய நினைவாற்றல் இல்லை என உணர்கின்றனர். அறியாமை நீங்கும்போது அச்சமும் நீங்குகின்றது. ஓர் உயிரை நாள்தோறும் பேணும் பழக்கம் பொறுமையையும் வளர்க்கின்றது. இவ்வளவும் உண்மையே. எனினும், காட்டுயிரைக் கூட்டில் அடைத்து விரும்புவதில் வேறொரு தீமையும் மறைந்துள்ளது. அதனைக் காண நாம் ஒரு தீவிற்குச் செல்ல வேண்டும்.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கிரான் கனேரியா என்னும் தீவு உள்ளது. அத்தீவிலே இயற்கையாகப் பாம்புகள் இல்லை. வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத பெரிய பல்லியினம் ஒன்று அங்கு அச்சமின்றி வாழ்ந்துவந்தது. செல்லப் பிராணிகளாகக் கொண்டுவரப்பட்ட அரசப்பாம்புகள் எவ்வாறோ வெளியேறின. 1998-ஆம் ஆண்டில் அவை காட்டில் வாழ்வது கண்டறியப்பட்டது. பாம்பையே பார்த்தறியாத பல்லிகளுக்குத் தப்பும் வழி தெரியவில்லை. பாம்பு பரவிய இடங்களில் பல்லிகள் ஏறக்குறைய அற்றுப்போயின. பாம்புகளை ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்றியும் இன்றுவரை அவற்றை முற்றிலும் ஒழிக்க இயலவில்லை. தீமை செய்தது பாம்பா? அன்று. அது தன் இயல்பின்படி உண்டது. அதற்கு உரியதல்லாத இடத்தில் அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதனின் விருப்பமே தீமையாக முடிந்தது.

அவ்விருப்பம் நம் நாட்டையும் எட்டியிருக்கின்றது. பயணிகளின் பெட்டிகளுக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுப் பாம்புகளை, சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் அண்மை ஆண்டுகளில் பலமுறை கைப்பற்றியுள்ளனர். துணிப்பைகளில் திணிக்கப்பட்டுக் கடல் கடந்து வரும் அவ்வுயிர்கள் படும் துன்பத்தைச் சொல்லவும் வேண்டுமோ? விலை கொடுத்து வாங்குவோர் இருப்பதனால் அன்றோ இவ்வாணிகம் நடைபெறுகின்றது!

அயல்நாட்டுப் பாம்புக்கு ஆசைப்படும் நாம், நம் காலடியில் வாழும் பாம்பை அறிந்திருக்கின்றோமா? அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த வறண்ட நிலப்பகுதியை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள சிற்றூர்களில் வாழ்வோர் வானத்தை நம்பி விதைப்பவர்கள். ஐப்பசி மழையை எதிர்நோக்கிப் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் மல்லியும் பயிரிடுகின்றனர். மழை பொய்த்தால் விதையும் இல்லை. மழை பெய்து விளைந்தாலோ, அதில் பங்கு கேட்க எலி வருகின்றது. அது கதிரை அறுத்து வளைக்குள் சேர்க்கின்றது. மூட்டையைக் கடித்துத் தானியத்தைப் பாழாக்குகின்றது. ஒரு போகமே விளையும் ஊரில் ஒரு மரக்கால் தானியமும் பெரிதன்றோ?

அந்த எலியைத் தேடி அதன் வளைக்குள்ளேயே செல்ல வல்லது சாரைப்பாம்பு. பூனை நுழைய முடியாத பொந்தில் அது நுழைகின்றது. கூலி கேட்பதில்லை, நஞ்சும் அதற்கு இல்லை. ஆயினும் ஊரில் மிகுதியாக அடிபட்டுச் சாகும் பாம்புகளுள் அதுவும் ஒன்று. நீண்ட உடலும் விரைந்த ஓட்டமும் உடைய அதனை நல்லபாம்பு என்று எண்ணி அடித்துவிடுகின்றனர். சாரையும் நல்லபாம்பும் இணை சேரும் என்று கூறுவோரும் உளர். அது பிழை. பின்னிப் பிணைந்து எழுந்து நிற்கும் இரண்டும் பெரும்பாலும் ஆண் சாரைகளே. ஒன்றையொன்று வலிமையால் அழுத்தி வெல்ல முயலும் போட்டியே அக்காட்சி.

சாரைக்கு அச்சத்தால் கேடு. மண்ணுளிப் பாம்புக்கோ ஆசையால் கேடு. தளர்ந்த மண்ணில் புதைந்து வாழும் இச்சாதுவான பாம்பின் வால், தலையைப் போலவே மழுங்கியிருக்கும். அதனால் மக்கள் இதனை இருதலைப் பாம்பு என்பர். இதனை வீட்டில் வைத்து வளர்த்தால் செல்வம் பெருகும் என்னும் பொய்யைப் பரப்பிப் பெரும்பொருள் பறிப்போர் உளர். உண்மையில் இது தருவது ஒரே செல்வம்தான்: எலியைத் தின்று விளைச்சலைக் காப்பது. அச்செல்வத்தையும் இது வயலில் இருந்தால்தான் தரும். பெட்டியில் இருந்தால் தராது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சாரை, மண்ணுளி, நல்லபாம்பு முதலியவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் அடைத்து வைப்பதும் குற்றமாகும்.

"வளர்க்காமல் பாம்பை எவ்வாறு அறிவது?" என்று நீங்கள் வினவலாம். இதற்கு இருளர் மக்களின் வாழ்க்கையே விடை. மண்ணில் பதிந்த தடத்தையும் புற்றின் வாயையும் கண்டே பாம்பின் இருப்பை உணரும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு. ஒரு காலத்தில் பாம்புத்தோல் வாணிகத்திற்காக அவர்கள் பாம்பு பிடித்தனர். தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தபின் அத்தொழில் நின்றது. 1978-ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அச்சங்கத்தினர் அரசின் இசைவோடு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளைப் பிடித்து, மண்பானைகளில் சில வாரங்களே வைத்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலிற் செலுத்தி, அதன் குருதியிலிருந்து பாம்புக்கடி மருந்து செய்யப்படுகின்றது. இம்மக்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பாம்பை நன்கு அறிந்தவர்கள் அதனைத் தம் உடைமையாக்கிக் கொள்ளவில்லை. திரும்ப விட்டுவிடுகின்றனர் என்பதை நாம் கருத வேண்டும். நேரிற் காண விரும்பும் மாணவர்கள் சென்னை கிண்டியிலுள்ள பாம்புப் பண்ணைக்குச் சென்று கண்டு தெளியலாம்.

பாம்பை அடிக்கலாகாது என்று கூறும்போது, அதனால் நேரும் இன்னலை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. 2000-ஆம் ஆண்டு முதல் 2019-ஆம் ஆண்டு வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் பேர் என ஆய்வாளர் கணித்துள்ளனர். ஆண்டொன்றுக்கு 58,000 உயிர்கள்! இறந்தோருள் பெரும்பாலோர் சிற்றூர்களில் உழைத்து வாழ்ந்தவர்கள். செருப்பின்றி வரப்பில் நடந்த உழவரும், இருளில் வாயிலுக்கு வந்த தாய்மாரும், தரையில் படுத்துறங்கிய சிறுவரும் அவர்களுள் உள்ளனர். கட்டுவிரியன் இரவில் இரை தேடுவது. உறங்குவோரை அது கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் தோன்றுவதில்லை. பின்னர் மூச்சு தடைப்படும்போதுதான் தீங்கு புலனாகும். ஆதலால் பாம்பின்மேல் இரக்கம் கொள்வோர், மனிதரின்மேலும் இரக்கம் கொண்டு இவ்வின்னலைத் தடுக்கும் வழியைக் கூறக் கடமைப்பட்டவர்கள்.

அவ்வழி அரியதன்று. வீட்டை ஒட்டி விறகையும் கல்லையும் குவித்து வைத்தலாகாது. சுவரிலுள்ள பொந்துகளை அடைத்தல் வேண்டும். தானியத்தைச் சிந்தாமல் காத்தால் எலி வாராது. எலி வாராவிடின் அதனைத் தேடிப் பாம்பும் வாராது. இரவில் கைவிளக்கும் காலுக்குச் செருப்பும் இன்றி நடக்கலாகாது. கட்டிலில், கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியிற் செருகி உறங்குதல் நலம். பாம்பு வீட்டிற்குள் புகுந்துவிடின் விலகி நின்று, தீயணைப்புத் துறையினருக்கோ வனத்துறையினருக்கோ தெரிவித்தல் வேண்டும். நாமே பிடிக்க முயன்றால் கடிபடுவோம்.

கடிபட்டாலோ, காயத்தை அறுப்பதும் வாயால் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுகக் கட்டுவதும் கூடா. மந்திரத்திலும் பச்சிலையிலும் காலத்தைக் கழித்தல் உயிருக்கே கேடாகும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 என்னும் எண்ணுக்கு அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். அங்கே மருந்து கட்டணமின்றி அளிக்கப்படுகின்றது. இச்செய்தியை உங்கள் வீட்டிலுள்ள பெரியோர்க்கு நீங்களே எடுத்துக் கூறலாம். நூறு பாம்புகளை அடிப்பதைவிட இது ஓர் உயிரையேனும் மிகுதியாகக் காக்கும்.

திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டில் பிறந்தவர் ரமண மகரிஷி. அவர் திருவண்ணாமலையில் மலைக்குகையில் வாழ்ந்த காலத்தில் அங்குப் பாம்புகள் வருவதுண்டு. அவற்றைத் துன்புறுத்தலாகாது என்றும், அவற்றின் இடத்திற்கு வந்து தங்கியிருப்பவர்கள் நாமே என்றும் அவர் உடனிருந்தோரிடம் கூறினார். அவர் பாம்பைப் பிடித்து வளர்க்கவில்லை; அடித்து விரட்டவுமில்லை. அதன் இடத்தை மதித்தார்.

மாணவர்களே! நாம் தேடிய வழியும் இதுவே. நமக்கு வீடு இருப்பதுபோலப் பாம்புக்கும் வீடு உண்டு. புற்றும் பொந்தும் வரப்பும் வேலியோரமும் அதன் வீடுகள். நம் வீட்டை அது புகாதவாறு தூய்மையாகக் காப்பது நம் கடமை. அதன் வீட்டை நாம் அழியாது விடுவதும் நம் கடமையே. கண்ணாடிப் பெட்டியில் அடைத்துப் பார்த்து மகிழ்வதனால் நம் ஆவல் ஒன்றே நிறைவுறும். வரப்பில் ஓடும் சாரையை 'இது சாரை' என்று அறிந்து, கம்பைக் கீழே போட்டு, வழிவிட்டு நிற்பதனால் பாம்பும் பிழைக்கும், வயலும் பிழைக்கும். அவ்வாறு வழிவிடும் அறிவே பாம்பின்மீது நாம் செலுத்தத்தக்க அன்பு ஆகும்.