சாமி என்று அழைத்தது யாரை?

பங்குத் திருவிழாவின் நிறைவு நாள் கலைநிகழ்ச்சிக்கான பட்டியல் நம் மேசைக்கு வந்தது. சிறுமியரின் கோலாட்டம், மறைக்கல்வி மாணவரின் நாடகம், அன்பியங்களின் குழுப்பாடல் என்ற வரிசையில் ஐந்தாவதாக, ஆற்றோரத் தெரு இளைஞர்கள் ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டுக்குப் பறையடித்து ஆடுவர் என்று எழுதியிருந்தது. அன்றிரவே பங்குப்பேரவையினர் இருவர் வந்தனர். “ஏனுங்க சாமி, மாதா திருவிழாவுல இந்த அரசியல் பாட்டு எதுக்குங்க? ஊர்ப் பெரியவங்க நாலு பேரு வந்து உட்காருவாங்க, சங்கடமாப் போயிருமுங்க” என்றனர். மறுநாள் வேறு சிலர் வந்து பரிந்து பேசினர்: “நல்லா ஆடற பாட்டுத்தானுங்க சாமி. கல்யாணத்துலகூடப் போடறாங்க. அர்த்தமெல்லாம் யாருங்க பார்க்கறாங்க?”

நாம் என்ன செய்தோம்? அமைதி காக்கவேண்டும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, அந்த ஐந்தாம் வரியை எழுதுகோலால் அடித்துவிட்டோம். இளைஞர்கள் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. விழா மாலையில் மேடைக்கு விளக்குக் கட்டியவர்களும், நாற்காலிகளை வரிசையாய்ப் போட்டவர்களும் அவர்களே. நிகழ்ச்சி தொடங்கியபோது அவர்களில் ஒருவரையும் காணோம்.

அந்த அடித்தல் கோட்டைப் பற்றியதே இக்கட்டுரை. எதிர்த்து வந்தவர்களும் தவறினர். ஆதரித்து வந்தவர்களும் தவறினர். எல்லாரையும்விட மிகுதியாய்த் தவறியவர்கள் நாமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பாட்டின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 2021 மார்ச் 7 அன்று வெளியான இப்பாடல் எந்தத் திரைப்படத்துக்காகவும் உருவானதன்று. தீ என்னும் பாடகியும், அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு என்னும் கவிஞரும் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசை உருவாக்கினார். யூடியூபில் இதுவரை 40 கோடித் தடவைக்கு மேல் அது பார்க்கப்பட்டுள்ளது. அதன் காட்சிகளில் அறிவின் பாட்டி வள்ளியம்மாளே தோன்றுகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய ஒரு தலைமுறையின் நினைவு அவருடையது. காட்டைத் திருத்தி நிலமாக்கியவர்களுக்கு அந்நிலத்தின் பயன் கிட்டாமற்போன துயரத்தை, நம் தாய்மார் இழவு வீட்டில் பாடும் ஒப்பாரியின் சாயலோடு அப்பாடல் சொல்கிறது. துள்ளவைக்கும் தாளத்துக்கு அடியில் ஓர் அழுகை ஓடுகிறது.

அந்த அழுகைக்கு ஆதாரம் உண்டா என்று கேட்போர் வரலாற்றைப் புரட்டலாம். 1948-இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால், மலையகத்தை வளப்படுத்திய தமிழ்த் தொழிலாளர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தம் அம்மக்களை எண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு பின்னர் பார்க்கப்படும் என்று தள்ளிவைக்கப்பட்டது. பொதி மூட்டைகளைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். அவ்வாறு வந்தவர்கள் வெகுதொலைவில் இல்லை. நம் கொங்கு நாட்டுக்கு மேலே, நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் தேயிலை பறித்து வாழ்கின்றனர். அவர்கள் பறித்த இலை நம் காலைத் தேநீரில் கலந்திருக்கிறது.

இனி, வாதங்களுக்கு வருவோம்.

திருவிழாவில் அரசியல் வேண்டாம் என்பது முதல் வாதம். இதைச் சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர். ஊர் ஒற்றுமையை விரும்புவோர். ஆயினும் நாம் கேட்கிறோம்: நம் தாராபுரமே பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. தேர்தல்தோறும் வேட்பாளர்களைச் சால்வை போர்த்தி வரவேற்கிறோம். அப்போது உறுத்தாத அரசியல், உழைப்பவன் தன் பாட்டியின் கதையைப் பாடும்போது மட்டும் உறுத்துவது ஏன்? மேலும், மாதா திருவிழாவில் இப்பாட்டு எதற்கு என்றனர். மாதாவே பாடிய பாட்டு ஒன்று லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும், தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும், செல்வர் வெறுங்கையராய் அனுப்பப்படுவதையும் அந்தக் கலிலேயக் கன்னிப்பெண் பாடுகிறாள். மாலைத் திருப்புகழ்மாலையில் நாள்தோறும் நாம் அதைச் சொல்கிறோம். சொல்லிச் சொல்லித் தேய்ந்ததால் அதன் கூர்மை நம் செவியில் படுவதில்லை. அதை ஆற்றோரத் தெருவிலிருந்து ஓர் இளைஞன் பறையோடு பாடினால், அதுவும் அரசியல் என்றே பட்டியலிலிருந்து அடித்திருப்போம்.

பாட்டில் சமுதாய நீதி பேசுவது ஏதோ புதிய வழக்கம் என்று எண்ணுவோர் நம்மவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைக்கட்டும். குளத்தூரில் பிறந்த அக்கத்தோலிக்கர், நீதிமன்ற ஊழியத்தில் இருந்துகொண்டே, 1859-இல் வெளியான தம் நீதிநூலில் கைக்கூலி வாங்குவோரைச் சாடினார். பெண்கல்விக்காகப் பெண்மதி மாலை இயற்றினார். 1876-ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்பஞ்சத்தின்போது பசித்தோருக்காக இறைவனை நோக்கிக் கீர்த்தனைகளில் முறையிட்டார். அவரையும் நம் மேடையிலிருந்து இறக்கிவிடுவோமா?

பாடல் ஊரைப் பிரிக்கும் என்ற அச்சமும் இவ்வாதத்தில் உண்டு. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒற்றுமையைப் பேணுவது மேய்ப்பனின் கடமை. ஆனால் புண்ணைக் காட்டியவன் புண்ணைச் செய்தவன் ஆகமாட்டான். பண்ணாடியின் தோட்டத்துச் சாளையில் பிறந்தவனும், அத்தோட்டத்தின் வாரிசாய்ப் பிறந்தவனும் ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தைப் பெறுகிறார்கள். பிறகு கோயில் வாசலைத் தாண்டியதும் வெவ்வேறு தெருக்களுக்குப் போகிறார்கள். பாட்டு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்தப் பிரிவு இருந்தது. ஒருவர் வாய் திறக்காதிருக்கும்வரை மற்றவர் நிம்மதியாய் இருக்கலாம் என்னும் ஏற்பாட்டுக்கு ஒற்றுமை என்று பெயரிடுவது சரியாகுமா?

இரண்டாவது வாதம், அது வெறும் ஆட்டப்பாட்டு, பொருளை யார் பார்க்கிறார் என்பது. இது ஆதரவுபோல் ஒலிப்பதால் முதல் வாதத்தைவிட ஆபத்தானது என்று கருதுகிறோம். எதிர்த்தவராவது பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். அதில் தமக்கு எதிரான குற்றச்சாட்டு ஒன்று இருப்பதை உணர்ந்திருக்கிறார். ஆதரித்தவருக்கோ அதுவும் இல்லை. இத்தகையோருக்காகவே 137-ஆம் திருப்பாடல் எழுதப்பட்டதோ என்று தோன்றுகிறது. பாபிலோனின் ஆற்றங்கரையில் நாடிழந்தோர் அமர்ந்து அழுகின்றனர். அவர்களைச் சிறைப்பிடித்தவர்களோ, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடி எங்களை மகிழ்வியுங்கள் என்கின்றனர். யாழை மரத்தில் மாட்டிவிட்டு அவர்கள் மறுத்துவிடுகின்றனர். மண்ணிழந்தவனின் ஒப்பாரிக்குத் திருமண மண்டபத்தில் கைதட்டி ஆடிவிட்டு, மறுநாள் மூலனூர்ப் பக்கத்து முருங்கைத் தோட்டத்தில் அவனுடைய கூலிக்குப் பேரம் பேசும்போது, நாம் அந்த ஆற்றின் எந்தக் கரையில் நிற்கிறோம்?

ஆட்டம் தவறென்று சொல்லவில்லை. அழுகையையும் ஆட்டத்தையும் ஒன்றாய்ப் பிசைந்து உயிரைக் காத்துக்கொள்வது உழைக்கும் மக்களின் கலை. இழவு வீட்டில்கூடப் பறைக்கு ஆடுகிறவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் எதற்காக ஆடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வாதம் நம் பங்கில் எழுந்ததன்று. நாடெங்கும் எழுந்தது: அது யாருடைய பாட்டு? 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், ஷான் வின்சென்ட் டி பால் என்னும் கலைஞரும் இடம்பெற்றனர்; அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தபின், அறிவுக்கெனத் தனி மின்னிதழ் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாடு தொடக்க விழாவில், பிரதமரும் முதலமைச்சரும் அமர்ந்திருக்க, தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாட்டைப் பாடினர். அங்கும் அறிவு இல்லை. சில நாள்களில் அவர், பாட்டை இயற்றியதும் எழுதியதும் தாமே என்று மனம் நொந்து எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் மறுமொழி கூறினர்: கூட்டு முயற்சி இது, எங்கும் அறிவின் பெயரைச் சொல்லியிருக்கிறோம், உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்றனர். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வந்துசேரவில்லை என்று பொதுவில் கூறினார்.

மூவருக்குள் தீர்ப்புக் கூற நமக்குத் தகுதியில்லை. மெட்டில் யார் பங்கு எவ்வளவு என்பதை அந்த அறையில் இருந்தவர்களே அறிவர். ஆயினும் ஒன்றைக் கவனிக்கிறோம். பாடுபட்டவன் பெயர் விளைச்சலில் இல்லாமற்போவதைப் பற்றிய பாட்டு அது. அந்தப் பாட்டைப் பாடியவனே அட்டையிலும் மேடையிலும் இல்லாதபோது, பலருக்கு அது முதலில் கண்ணில் படவே இல்லை. வேண்டுமென்றே யாரும் செய்திராமலேயே இது நிகழலாம் என்பதுதான் அச்சமூட்டுகிறது. வயலை அறுத்தவரின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாகத் திருத்தூதர் யாக்கோபு எழுதுகிறார். கூலி என்பது பணம் மட்டுமா? பெயரும் கூலியே. நம் ஆலயங்களின் சுவர்க் கல்வெட்டுகளில் நன்கொடையாளர் பெயர்கள் உள்ளன. கல் சுமந்தவர் பெயர் எந்தச் சுவரில் உள்ளது?

பாட்டின் பெயரிலேயே உள்ள ஒரு சொல் நம்மை உறங்கவிடவில்லை. எஞ்சாமி: என் சாமி. பாட்டி தன் பேரனை மடியில் வைத்து அப்படிக் கொஞ்சுகிறாள். நிலமற்றவன் நிலமுடையவன் முன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதே சொல்லால் அழைத்தான். அன்பின் சொல்லும் அடிமையின் சொல்லும் ஒன்றே. நம் மக்கள் குருக்களாகிய நம்மை அழைப்பதும் அந்தச் சொல்லால்தான். பட்டியலில் கோடிட்டதை அறிந்த இளைஞர்களில் மூத்தவன், “சரிங்க சாமி” என்று மட்டும் சொல்லிப் போனான். அவன் எந்தச் சாமியை அழைத்தான்? மடியில் வைத்துக் கொஞ்சத்தக்க உறவையா, வரப்பின்மேல் நின்ற பண்ணாடியையா? விடை நமக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறோம்.

திருச்சபை இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. ஏழையரின் மகிழ்ச்சியும் துயரும் கிறிஸ்துவின் சீடருடைய மகிழ்ச்சியும் துயருமாகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டைத் தொடங்குகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பர் 17 அன்று தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, கிறிஸ்தவரிடையே சாதி வேறுபாட்டின் சாயல்கூட இருத்தலாகாது என்று எச்சரித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கான கொள்கை ஏட்டை வெளியிட்டு, நம் சபைக்குள்ளேயே பாகுபாடு நிலவுவதை ஒளிக்காமல் ஏற்றது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை மாற்றி, தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று அரசிடம் நாம் கேட்டுவருகிறோம். கேட்பது நியாயம். ஆனால் டில்லியிடம் நியாயம் கேட்கும் நம் வாய், சொந்தக் கோயில் மேடையில் ஒரு பாட்டுக்கு இடம் கொடுக்கத் தயங்கினால், அந்த மனுவில் எந்த முகத்தோடு கையெழுத்திடுவோம்?

நாபோத்தின் கதையை மறைக்கல்வி வகுப்பில் எல்லாரும் படித்தோம். தன் முன்னோரின் உரிமைச்சொத்தை விற்க மறுத்த ஏழை அவன். ஆகாபு அரசன் மனம் நொந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஈசபேல் பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்தாள். ஊர்ப் பெரியோர் கூடி, சட்டப்படியே கல்லெறிந்தனர். அந்த ஊர்ப் பெரியோரைப் பற்றி நாம் மறையுரை ஆற்றியதே இல்லை. அவர்களுக்கு நாபோத்தின்மீது பகை ஏதும் இல்லை. கடிதம் வந்தது, அமைதி கெடாதிருக்க வேண்டும், சொன்னபடி செய்தார்கள். ஒரு பட்டியலில் ஒரு வரியை அடித்ததை ஒரு கொலையோடு ஒப்பிடுவது மிகையென்று நண்பர்கள் சொல்லக்கூடும். மிகைதான். ஆயினும் அந்தப் பெரியோரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணும்போது, நம் முகமே நினைவுக்கு வருகிறது.

திருவிழா முடிந்து மூன்றாம் வாரம், ஒரு மாலையில் ஆற்றோரத் தெருவுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். இளைஞர்கள் நெளிந்தனர். மூத்தவனுடைய பாட்டி, திண்ணையில் இருந்தபடியே, “உள்ள வந்து உட்காரு சாமி, காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார். எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. அந்த வீட்டில் அதற்கு முன் நாம் மந்திரித்திருக்கிறோம், செபமாலை சொல்லியிருக்கிறோம், உட்கார்ந்து குடித்ததில்லை.

அடுத்த திருவிழாவின் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கியுள்ளோம். முதல் வரியில் அவர்கள் பெயர் இருக்கிறது. பாட்டுக்கு முன் அப்பாட்டி மேடையேறித் தம் கதையைச் சொல்ல இசைந்திருக்கிறார். சங்கடப்படுவோர் வரலாம், அவர்களுக்கும் நாற்காலி உண்டு. நாற்காலிகளை இம்முறை பங்குப்பேரவையினரோடு சேர்ந்து நாமே போடுவோம்.