உதைத்தால் மட்டும் கிளம்பாது

காலை எட்டு மணி. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் நின்றுவிடுகிறது. ஓட்டி வந்தவர் இறங்கி உதைக்கிறார். பத்து உதை, இருபது உதை, முப்பது உதை. ஒரு செருப்பு கழன்று விழுகிறது. பின்னால் உட்கார்ந்து வந்த மனைவிக்கு ஷூ கம்பெனியில் எட்டரைக்குள் கார்டு போட்டாக வேண்டும். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவர் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுகிறார். இவர் இன்னும் உதைக்கிறார். கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போய் "பாய், கார்புரேட்டர் கொஞ்சம் பாருங்க" என்கிறார்.

கோளாறு கார்புரேட்டரில்தான் என்று இவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. போன தடவை அதைத்தான் கழற்றினார்கள், அவ்வளவுதான்!

இந்தப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில் வண்டி கிளம்பினால்தான் அன்றைய கூலி. ஆனாலும் வண்டியை எப்படி உதைப்பது என்று தெரிந்த அளவுக்கு, எப்போது உதைப்பதை நிறுத்த வேண்டும் என்று பலருக்குத் தெரிவதில்லை. ஏழெட்டு உதைக்குக் கிளம்பாத வண்டி எழுபதாவது உதைக்கும் கிளம்பாது. சொல்லப்போனால், சோக்கைப் போட்டுக்கொண்டு உதைக்க உதைக்க பெட்ரோல் ஓவராகி, முதலில் இல்லாத ஒரு கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

வண்டி கிளம்ப மூன்று விஷயங்கள் வேண்டும். பெட்ரோலும் காற்றும் கலந்து வர வேண்டும், அது உள்ளே நன்றாக அழுத்தப்பட வேண்டும், சரியான நேரத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும். இதில் எது இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு பிளக் ஸ்பேனர் போதும். அதற்கும் முன்னால் காசே செலவில்லாத சோதனைகள் இருக்கின்றன. பெட்ரோல் காக் மூடியிருக்கிறதா, ரிசர்வுக்கு வந்துவிட்டதா, ஹேண்டிலில் இருக்கிற கில் சுவிட்சைப் பையன் தட்டி வைத்திருக்கிறானா? சிரிக்க வேண்டாம், பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள் :-)

டேங்க் மூடியையும் பார்க்க வேண்டும். அதில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. மழைத் தண்ணீர் இறங்கக் கூடாது என்று மூடிக்கு மேல் பாலிதீன் கவர் கட்டுகிறவர்கள் அந்த ஓட்டையையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். வண்டி கொஞ்ச தூரம் ஓடும், நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். இதற்கு எதற்கு கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும்?

இதெல்லாம் சரியென்றால் பிளக்கைக் கழற்ற வேண்டியதுதான். உதைத்த பிறகும் பிளக் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். பிளக்கைத் துடைத்து கேப்பில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து உதைத்தால் நீல நிறத்தில் பளிச்சென்று பொறி தெரிய வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்திலும், பிளக் கழற்றிய துவாரத்துக்குப் பக்கத்திலும் வைத்து இதைச் செய்யக் கூடாது. கரண்ட் நன்றாக வந்தும் பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அது வெறும் ஓவர். சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் முறுக்கி, சுவிட்சை ஆஃப் செய்து ஐந்தாறு தடவை உதைத்தால் உள்ளே தேங்கியது வெளியேறிவிடும்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் பிளக் முனைகளுக்கு நடுவே கரி ஒட்டிக்கொண்டு பொறியே விழாமல் போகும். ஒரு துண்டு உப்புத்தாளால் தேய்த்தால் முடிந்தது. கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று கீழே போனால் மட்டும் கம்ப்ரஷன் போயிருக்கலாம். அது ரோட்டோரத்தில் தீராது, கடைக்குத்தான் தள்ள வேண்டும்.

இந்த ஊர்களுக்கென்றே ஒரு கோளாறும் உண்டு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் தோல் கட்டு ஏற்றுகிற வண்டியில் அந்த உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். உப்பு பட்ட இரும்பு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இக்னிஷன் காயிலின் எர்த் போல்ட் துருப்பிடித்தால் கரண்ட் வரும், போகும். பிளக்கை மாற்றியும் தீராது. போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மறுபடி முடுக்கினால் தீர்ந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் நல்ல தண்ணீரில் கழுவினால் துரு அவ்வளவு சீக்கிரம் வராது.

பழைய இரும்பு எஞ்சின் புல்லட்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. கண்டபடி உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும் என்ற பயம்தான் அவர்களுக்கு இந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது. எக்ஸ்எல் அப்படி யாரையும் அடிப்பதில்லை. அதனால்தான் எல்லோரும் இஷ்டத்துக்கு உதைக்கிறார்கள் போல.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களும் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு எக்ஸ்எல் 100-லும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. 2023-இல் வந்த புதிய புல்லட்டில் கிக்கரே இல்லை. உண்மைதான். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டால் உதைத்தும் பெரும்பாலும் பயனில்லை. ஆனால் புதிய வண்டிக்கும் பெட்ரோலும் கரண்டும்தானே வேண்டும்? பழைய வண்டிகளும் ரோட்டை விட்டுப் போய்விடவில்லை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கார்புரேட்டர் வண்டி கிளம்பாவிட்டால், கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பழைய பெட்ரோலை முதலில் வடித்துவிடுவது நல்லது.

மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்று பொத்தாம்பொதுவாகப் புலம்புவது நியாயமில்லை. கார்புரேட்டரைப் பார்க்கச் சொன்னது யார்? வாடிக்கையாளர்தான். அவர் சொன்னதைக் கழற்றி, சுத்தம் செய்து, அதற்குக் கூலி வாங்குகிறார். சாதாரண பிளக் ஒன்று இருநூறு ரூபாய்க்குள்தான். அதைப் பார்க்காமல் விட்டதால் போனது ரிப்பேர் கூலி, அரை நாள் சம்பளம், ஆட்டோ காசு.

அதே மனிதர் கடைக்கு வந்து, "பாய், கரண்ட் நல்லா வருது, பிளக்கு காஞ்சிருக்கு, டியூப்ல பெட்ரோல் வருது" என்று சொல்லிப் பார்க்கட்டும். பாய் நேராகக் கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி ஊதிக் கொடுத்துவிடுவார். டீ ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.